23 பேரும் ஒரே நாளில் வந்து நில்லுங்கள்

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருக்கும் சிறிய கிராமம் எங்களுடையது. எனக்கு 49 வயது, கொத்தனார் வேலை பார்க்கிறேன். கண்மாய்ப் பாதுகாப்புக் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. 2017 ஜூனில், அனுமதித்த ஆழத்தைத் தாண்டி மண் அள்ளிய லாரிகளை மறித்து உட்கார்ந்தோம். 23 பேர் மீதும் ‘மற்றும் பலர்’ மீதும் 143, 147, 341, 353, 506 இரண்டாம் பகுதி ஆகிய பிரிவுகளில் வழக்குப் போட்டார்கள். 2019 மார்ச்சில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. இன்றுவரை ஒரு சாட்சிகூட ஏறவில்லை. 2019 பிப்ரவரியில் தாலுகா அலுவலகம் முன்பு நடத்திய ஆர்ப்பாட்டத்துக்கு 143, 188 பிரிவுகளில் இரண்டாவது வழக்கு, அது எஃப்.ஐ.ஆரோடு நிற்கிறது. 2022 ஆகஸ்டில் நடந்த மறியலுக்கு 143, 188, 341 பிரிவுகளில் மூன்றாவது வழக்கு. அதற்குக் குற்றப்பத்திரிகை 2025 ஜனவரியில்தான் வந்தது. முதல் வழக்கில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார், இரண்டு பேர் வெளிநாட்டில், நான்கைந்து பேர் திருப்பூரில். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. “ஒப்புக்கொண்டு அபராதம் கட்டி முடித்துவிடுங்கள்” என்று காவல் நிலையத்தில் சொல்கிறார்கள். வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். எட்டு ஆண்டு ஆகிவிட்டதால் வழக்கு தானாகவே தள்ளுபடியாகும் என்கிறார் ஒருவர். சட்டமே மாறிவிட்டது, பழைய பிரிவுகள் செல்லாது என்கிறார் இன்னொருவர். மகள் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். என் வழக்கு அவளைப் பாதிக்குமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் நிலையில் இருப்பவர்கள் வழக்கறிஞரான எனக்குப் பெரும்பாலும் “எங்கள் மீது பொய் வழக்கு” என்று நான்கு பக்கம் எழுதுவார்கள். எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்று ஒரு வரி இருக்காது. நீங்கள் பிரிவையும் மாதத்தையும் ஆண்டையும் எழுதியிருக்கிறீர்கள். பதில் சொல்ல அது போதும்.

முதலில் அந்த இரண்டு வதந்திகள். எட்டு ஆண்டு ஆனதால் எந்த வழக்கும் தானாகத் தள்ளுபடியாவதில்லை. விரைவான விசாரணை என்பது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1979-லேயே ஹுசைனாரா காத்தூன் வழக்கில் சொன்னது உண்மை. ஆனால் இத்தனை ஆண்டுக்குள் முடியாவிட்டால் வழக்கு செத்துப்போகும் என்று பொதுவாகக் கெடு வைக்க முடியாது என்று 2002-இல் அதே நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. தாமதத்தைக் காட்டி நீங்கள் போய்க் கேட்கலாம், கேட்காமல் கிடைக்காது. அடுத்தது சட்டம் மாறிய கதை. பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 1-இல். அதற்கு முன்பு நடந்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். உங்கள் மூன்று வழக்குகளும் பழைய பிரிவுகளிலேயே நடக்கும்.

மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் சுமக்கிறீர்கள். பிரித்துப் பார்த்தால் பாரம் குறையும். மூன்றில் இரண்டு உள்ளே உளுத்துப்போனவை.

கடைசி வழக்கிலிருந்து வருகிறேன். 2022 ஆகஸ்ட் மறியல். 143, 188, 341. சட்டவிரோதமாகக் கூடியதற்கான 143-க்கு அதிகபட்சத் தண்டனை ஆறு மாதம். வழிமறித்ததற்கான 341-க்கு ஒரு மாதம் அல்லது 500 ரூபாய் அபராதம். ஓர் ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு, நடந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 468-ஆவது பிரிவு. புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 514. உங்களுக்குக் குற்றப்பத்திரிகை வந்ததோ இரண்டரை ஆண்டு கழித்து. தாமதத்தை மன்னிக்கும்படி காவல்துறை தனியாக மனுப் போட்டு, அதற்கு நீதிமன்றம் உத்தரவு கொடுத்திருக்கிறதா என்று மட்டும் உங்கள் வழக்கறிஞர் வழக்குக் கட்டைப் பார்க்க வேண்டும். அப்படி ஓர் உத்தரவு இல்லையென்றால் காலக்கெடு ஒன்றே உங்களுக்குப் போதுமான வாதம்.

188 அதைவிட மோசம், அவர்களுக்கு. பொது ஊழியரின் உத்தரவை மீறியதற்கான இந்தப் பிரிவில், உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலுள்ள அதிகாரியோ எழுத்து மூலம் நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும். பழைய 195-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போட்டு, விசாரித்து, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் வழக்கமான பாதை இதற்குக் கிடையாது. 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதை விரிவாக எழுதி, காவல்துறைக்கு வழிகாட்டுதலும் கொடுத்தது. அனுமதியின்றிக் கூடினார்கள் என்பதாலேயே ஒரு கூட்டம் சட்டவிரோதக் கூட்டம் ஆகிவிடாது. 141-ஆவது பிரிவு சொல்லும் நோக்கங்களில் ஒன்று இருக்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் போராட்ட வழக்கு நடத்தும் எந்த வழக்கறிஞரும் இந்தத் தீர்ப்பின் நகலை மேசையிலேயே வைத்திருப்பார். இருந்தும் 143-ஐயும் 188-ஐயும் சேர்த்துப் போடுகிற பழக்கம் நிலையங்களில் போகவில்லை. கை பழகிவிட்டது.

ஆகவே இந்த வழக்குக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரத்து மனுப் போடுங்கள். முன்பு 482-ஆவது பிரிவு என்போம், இப்போது 528. எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவாகப் போடலாம், செலவையும் பங்கிட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, 2019 பிப்ரவரி எஃப்.ஐ.ஆர். 143-க்கும் 188-க்கும் உள்ள ஓர் ஆண்டுக் கெடு 2020 பிப்ரவரியிலேயே, கொரோனா ஊரடங்குக்கு முன்பாகவே, முடிந்துவிட்டது. (கொரோனா காலத்துக்குக் காலக்கெடுவை உச்ச நீதிமன்றம் நீட்டித்ததைக் காட்டிச் சில வழக்குகளில் காவல்துறை தப்பிக்கப் பார்க்கிறது, உங்கள் தேதிக்கு அந்தக் கதவும் இல்லை.) காவல்துறை வழக்குகளில் குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்கு வந்த நாளை வைத்துத்தான் நாங்கள் வாதிடுகிறோம். அது இன்னும் வரவேயில்லை. ஆனால் மனுப் போடும் முன்பு ஒன்றைச் சரிபாருங்கள்: அந்தக் குற்ற எண்ணில் ‘மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது’ என்று நிலையத்தில் எப்போதோ அறிக்கை எழுதி முடித்திருக்கலாம். முடித்ததை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மூன்று வழக்கு இருக்கிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பதில் அவர்களுக்கு நஷ்டமில்லையே. நீதிமன்றத்தில் நகல் மனுப் போட்டால் தெரிந்துவிடும்.

மீதி இருப்பது 2017 லாரி வழக்கு. உண்மையான வழக்கு இது ஒன்றுதான். மற்ற இரண்டுக்கும் சொன்ன மருந்து இதற்குக் கேட்காது. ஏன் என்று பாருங்கள். 143, 341 மட்டும் இருந்திருந்தால் ஓர் ஆண்டுக் கெடு. கலவரத்துக்கான 147-உம் பொது ஊழியரைத் தாக்கியதற்கான 353-உம் இரண்டு ஆண்டு வரை தண்டனை உள்ளவை. அவற்றைச் சேர்த்ததும் கெடு மூன்று ஆண்டாகிறது. 506 இரண்டாம் பகுதி, அதாவது கொலை மிரட்டல், ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ளது. அதைச் சேர்த்துவிட்டால் கெடுவே கிடையாது. பல பிரிவுகள் சேர்ந்து வரும்போது பெரிய தண்டனை உள்ள பிரிவை வைத்துத்தான் கெடுவைக் கணக்கிட வேண்டும் என்கிறது சட்டம். சாலையில் உட்கார்ந்த ஆட்கள் மீது ‘கொன்றுவிடுவோம் என்று மிரட்டினார்கள்’ என்று ஒரு வரி ஏன் தவறாமல் இருக்கிறது என்பதற்கு 26 ஆண்டுத் தொழிலில் நான் கண்ட விளக்கம் இதுதான். அந்த ஒரு வரி வழக்குக்கு ஆயுளைத் தருகிறது.

இதற்கு ரத்து மனுப் போட்டால், மிரட்டினார்களா இல்லையா என்பது சாட்சியத்தில் முடிவாக வேண்டியது, விசாரணையைச் சந்தியுங்கள் என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்கும் விடுவிப்பு மனு என்று ஒரு வழி உண்டு. ஆனால் அதுவே ஓர் ஆண்டை விழுங்கும்; தள்ளுபடியானால் சீராய்வு மனு, அதற்கு இன்னோர் ஆண்டு. தாமதத்தால் நொந்துபோன உங்களுக்கு இந்தப் பாதையை நான் சொல்ல மாட்டேன். நேராக விசாரணைக்குப் போங்கள் என்பதே என் கருத்து. சக வழக்கறிஞர்கள் சிலர் மறுப்பார்கள், மறுக்கட்டும்.

அப்படியானால் ஆறு ஆண்டாக விசாரணை ஏன் தொடங்கவில்லை? நீதிமன்றத்தைத் திட்டுவது சுலபம். நடுவர் (மாஜிஸ்திரேட்) பணியிடம் காலியாகக் கிடப்பது, மாற்றலாகிப் போவது, காவல்துறை சம்மனைக் கொண்டு சேர்க்காதது எல்லாம் உண்டுதான். ஆனால் 23 பேர் உள்ள வழக்கு நின்றுபோவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது, அது உங்கள் பக்கம் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

நான் அடிக்கடி பார்க்கிற காட்சி. காலை பத்தரை மணி. வராந்தாவில் செருப்பும் சாப்பாட்டுத் தூக்குமாகப் பதினைந்து பேர். டவாலி வழக்கு எண்ணைச் சொல்லி முதல் பெயரைக் கூப்பிடுகிறார். ஒவ்வொருவராக உள்ளே போய்க் கைகட்டி நிற்கிறார்கள். ஒன்பதாவது பெயருக்கு யாரும் வரவில்லை. மூன்று முறை கூப்பிடுகிறார். பதினான்காவது பெயருக்கும் இல்லை. “இறந்துட்டாருங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சான்று இருக்கிறதா என்றால் இல்லை. வழக்கறிஞர் எழுந்து வராதவர்களுக்காக, அன்றைக்கு மட்டும் விலக்குக் கேட்கும் 317 மனுவை நீட்டுகிறார். நகல் கொடுக்க எல்லோரும் இல்லை, ஆகவே அடுத்த தேதி. எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகாது. பதினைந்து பேரின் ஒரு நாள் கூலி முடிந்தது. அடுத்த வாய்தாவுக்கு ஒன்பதாமவர் வருவார். அன்றைக்கு மூன்றாமவர் வர மாட்டார்.

எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், எல்லோருக்கும் ஆவண நகல் கொடுத்து, எல்லோரையும் வைத்துக் குற்றச்சாட்டு வனைந்தால்தான் சாட்சி ஏறும். 23 பேரும் ஒரே நாளில் நீதிமன்றத்தில் நின்ற நாள் உங்கள் வழக்கில் ஒன்றுகூட இருக்காது என்று நினைக்கிறேன். நீதிமன்ற டைரிக் குறிப்பை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். லாரியை மறிக்க ஒரே இரவில் ஊரைத் திரட்டியவர் நீங்கள். அந்தத் திறமையை வழக்குக்கு நீங்கள் பயன்படுத்தவேயில்லை. வழக்கு வந்ததும் அதை வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டு, ஆளாளுக்குத் தனித்தனியாக அலைய ஆரம்பித்துவிட்டீர்கள்.

ஒரு நோட்டு எடுங்கள். 23 பேரின் பெயர், எதிரி வரிசை எண், இப்போது எங்கே இருக்கிறார், தொலைபேசி எண், கடைசியாக எப்போது ஆஜரானார் என்று எழுதுங்கள். இறந்த பெரியவரின் இறப்புச் சான்றிதழை எடுத்து, வழக்கறிஞர் மூலம் குறிப்பு மனுவோடு தாக்கல் செய்யுங்கள். அவர் மீதான வழக்கு அன்றோடு அற்றுப்போகும். காவல்துறை அறிக்கை தரட்டும் என்று காத்திருந்தால் அவருக்கு இரண்டாம் திவசமும் முடிந்துவிடும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு, வழக்கைப் பிரித்துத் தனி எண் கொடுக்கும்படி கேளுங்கள். ஒருவர் வராததற்காக மற்றவர்களை நிறுத்தி வைக்காமல் அவருடைய வழக்கை மட்டும் பிரிக்கும் அதிகாரம் நடுவருக்கு இருக்கிறது. அந்த 317-ஆவது பிரிவிலேயே, இப்போதைய 355-இல், இருக்கிறது. ‘கூட நின்றவர்களைக் கழற்றிவிடுவதா’ என்று உங்களுக்குத் தயக்கம் வரும். பிரித்தால் அவர்களுக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. மற்றவர்கள் மீதான சாட்சியம் பொய்த்து விடுதலையானால், அதே சாட்சியத்தில் நிற்கும் அவர்களுக்கும் அது உதவும். திருப்பூரில் இருப்பவர்களுக்கு ஒரு மாதம் முன்பே தேதியைச் சொல்லி, பஸ் செலவைக் குழுக் கணக்கிலிருந்து கொடுத்து வரவழையுங்கள்.

யார் மீதாவது பிடிவாரண்ட் இருந்தால் போலீஸ் வரட்டும் என்று இருக்க வேண்டாம். காலையிலேயே வழக்கறிஞரோடு போய் ஆஜராகி, வாரண்டைத் திரும்பப் பெறும் மனுப் போட்டால் பெரும்பாலும் அன்றே முடிந்துவிடும். தேடிப் பிடித்து வெள்ளிக்கிழமை மாலை கொண்டுபோய் நிறுத்தும் வரை இருந்தால் சனி, ஞாயிறு உள்ளே கழியும்.

இதையெல்லாம் செய்து, எதிரிகள் பக்கம் தடையில்லை என்று பதிவான பிறகு, மதுரைக் கிளையில் இன்னொரு சிறு மனு: இத்தனை மாதத்துக்குள் விசாரணையை முடிக்கும்படி கீழ் நீதிமன்றத்துக்கு உத்தரவிடக் கேட்பது. உயர் நீதிமன்றம் இத்தகைய உத்தரவுகளை வழக்கமாகவே தருகிறது. ஆனால் நீங்களே பாதிப்பேர் ஆஜராகாமல் இருந்துகொண்டு இந்த மனுவைப் போட்டால் முகத்தில் அடித்தது போலாகும்.

கூலி விஷயம். எல்லா வாய்தாவுக்கும் எல்லோரும் போக வேண்டியதில்லை. நகல் வாங்கும் நாள், குற்றச்சாட்டு வனையும் நாள், சாட்சி அடையாளம் காட்ட வேண்டியிருந்தால் அந்த நாள், கடைசியில் நடுவர் உங்களை நேரில் கேள்வி கேட்கும் நாள், தீர்ப்பு நாள். இவற்றுக்குத்தான் கட்டாயம் தேவைப்படுவீர்கள். மற்ற நாட்களுக்கு நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்டு மனுப் போடலாம். தினக்கூலி, தூரம், வயது, நோய் எல்லாம் நல்ல காரணங்களே. ஆதாரத்தோடு எழுத வேண்டும்.

சாட்சி ஏறும் நாள் வரும்போது எது முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆதாரம் உங்கள் கையில்தான் இருக்கிறது. 353-க்குப் பொது ஊழியர் மீது தாக்குதல் அல்லது வன்விசை காட்டப்பட வேண்டும். வழியில் உட்கார்ந்திருப்பதும் கோஷம் போடுவதும் போதாது. 506-க்கு, அச்சம் உண்டாக்கும் நோக்கத்தோடுதான் மிரட்டினார்கள் என்று வர வேண்டும். கூச்சலில் விழுந்த ஒரு சொல் போதாது. லாரி ஓட்டுநர் எட்டு ஆண்டு கழித்து எந்தச் சொல்லை, யார் வாயிலிருந்து கேட்டதாகச் சொல்வார்? 23 பேரில் யார் என்று எப்படிக் காட்டுவார்? காலதாமதம் உங்களுக்கு மட்டும் சுமையன்று. கூண்டில் ஏறும் அவருக்கும்தான்.

அன்றைக்குச் செல்போனில் எடுத்த வீடியோ யாரிடமாவது இருந்தால் அந்தப் போனை விற்காதீர்கள், அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த பிரதியைவிட எடுத்த கருவியிலுள்ள மூலக் கோப்புதான் வலு. அதற்கு எடுத்தவரின் சான்றும் தேவைப்படும். மறியலுக்கு முன்பு திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள் எங்கே? மஞ்சள் பையில் சுருட்டி வைத்திருப்பீர்கள். ஒவ்வொன்றாக விரித்துத் தேதி வரிசையில் அடுக்குங்கள், நகல் எடுங்கள், மை மங்கிவிடும். நான்கு முறை மனுக் கொடுத்துப் பதில் வராமல் ஐந்தாவது முறை சாலையில் உட்கார்ந்தவர்கள் என்பதும், கலவரம் செய்யக் கூடியவர்கள் என்பதும் ஒரே ஆட்களைப் பற்றிய இரண்டு கதைகள். எந்தக் கதையை நம்புவது என்று நடுவர் முடிவு செய்யும்போது அந்தச் சீட்டுகள் பேசும்.

இனி, ஒப்புக்கொள்ளச் சொல்லும் யோசனை. அதைச் சொல்லும் ஏட்டு உங்களுக்குக் கெடுதல் நினைத்துத்தான் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கும் நிலுவைப் பட்டியல் குறைய வேண்டும். 341-க்கு 500 ரூபாய், கட்டிவிட்டுப் போ என்பது கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் நீங்கள் வாங்கிக்கொண்டு போவது ரசீது அன்று, தண்டனைத் தீர்ப்பு. குற்றத்தை ஒப்புக்கொண்டு பெற்ற தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்யப் பொதுவாக வழியில்லை. தண்டனையின் அளவு, அதன் சட்டபூர்வத் தன்மை பற்றி மட்டுமே கேட்க முடியும். நாளைக்கு இன்னொரு போராட்டத்தில் உங்களைப் பிடித்தால், ‘நிலுவை வழக்கு உள்ளவர்’ என்பது ‘தண்டனை பெற்றவர்’ என்று மாறிவிடும். சமாதானத்துக்குப் பங்கம் விளைவிப்பவர் என்று கோட்டாட்சியர் முன் நிறுத்திப் பிணைமுறி எழுதி வாங்கும் பழைய 107, 110 நடவடிக்கைகளுக்கும் அது வசதி. (அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதிக் கொடுத்த முறியை மீறியதாகச் சொன்னால் மீதிக் காலத்துக்குச் சிறையில் வைக்க முடியும்.) இவற்றையெல்லாம்விடப் பெரியது ஒன்று: 2022 வழக்கு காலக்கெடுவிலேயே விழக்கூடியது. விழப்போகிற சுவருக்கு நீங்களே முட்டுக் கொடுப்பானேன்?

சிலருக்கு நானே ஒப்புக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன் என்பதையும் மறைக்கவில்லை. தனியாக, வயதான காலத்தில், வேறு வழக்கில்லாமல், சிறிய பிரிவில் மாட்டிக்கொண்டு தூக்கம் இழந்தவர்கள். அவர்களுக்கு அது சரியாக இருந்தது. நீங்கள் குழுவுக்குப் பொறுப்பாளர். நீங்கள் ஒப்புக்கொண்டால் மற்ற 21 பேரும் உங்களைப் பார்த்து ஒப்புக்கொள்வார்கள்; அடுத்து கண்மாயில் லாரி இறங்கும்போது ஒருவரும் வர மாட்டார்கள். 

அரசே வழக்கைத் திரும்பப் பெறும் என்று காத்திருக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லியிருப்பார்கள். நடக்காத காரியமில்லை. கூடங்குளம் போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்று 2013 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே சொன்னது. 2021 செப்டம்பரில் வேளாண் சட்டம், குடியுரிமைச் சட்டம், எட்டு வழிச் சாலை, மீத்தேன், கூடங்குளம் முதலிய போராட்டங்களின் 5,570 வழக்குகளைத் திரும்பப் பெறுவதாகச் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். உங்கள் வழக்கு போன்ற சிற்றூர்க் கண்மாய் வழக்குகள் இப்படிப்பட்ட பட்டியல்களில் எளிதில் ஏறுவதில்லை. ஏறினாலும், அரசு உதவி வழக்கறிஞர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, நடுவர் இசைவு தந்தால்தான் வழக்கு முடியும். பத்திரிகையில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, முடிந்தது என்று வாய்தாவுக்குப் போகாமல் வாரண்ட் வாங்கியவர்களுக்கு நான் ஆஜராகியிருக்கிறேன். உள்துறைக்கு மனு அனுப்புங்கள், சட்டமன்ற உறுப்பினரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். வாய்தாவை மட்டும் விடாதீர்கள்.

மகளைப் பற்றி. அரசுப் பணிக்கான சரிபார்ப்பில் விண்ணப்பதாரர் மீது வழக்கு உண்டா என்றுதான் கேட்கிறார்கள். தந்தை மீதான வழக்கு மகளின் தகுதியைப் பறிக்காது. அவள் பெயர் எந்த எஃப்.ஐ.ஆரிலும் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த ‘மற்றும் பலர்’ என்ற சொல்லுக்குள் பிறகு யாரை வேண்டுமானாலும் நுழைக்கலாம் என்பதால் சொல்கிறேன். லாரி வழக்கில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டதால் அதிலுள்ள பெயர்களைப் பார்த்தாலே போதும். இந்தப் பத்தியை அவளிடம் காட்டிவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் இருவரின் கவலை வேறு. நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் கொடுக்க மறுக்கலாம். நீதிமன்ற அனுமதி பெற்றால் கிடைக்கும். அவர்கள் அதற்காகவாவது ஒரு முறை வந்து நிற்க வேண்டியிருக்கும்.

பணத்துக்கு. 23 பேரில் பெண்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. கண்மாய்ப் போராட்டத்தில் பெண்கள் இல்லாமல் இருக்க மாட்டார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் வைத்துத் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இப்போதுள்ள வழக்கறிஞரை மாற்றச் சொல்லவில்லை. ஆறு ஆண்டாக 317 மனு மட்டுமே போட்டுக்கொண்டிருந்தால், இந்தக் கடிதத்தோடு போய் உட்கார்ந்து பேசுங்கள். பேசிய பிறகும் கட்டைத் திறக்கவில்லை என்றால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

வீட்டில் ஒப்புக்கொள்ளச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். எட்டு ஆண்டாக வாய்தா நாளில் அடுப்பு என்னவாகிறது என்று பார்த்தவர் உங்கள் மனைவி. அவரிடம் நியாயம் பேசுவதைவிட, எந்த வழக்கு எதில் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். மூன்று வழக்கு என்று இருந்தது, ஒன்றுதான் என்று தெரிந்தாலே பேச்சு மாறும். அடுத்த முறை நீதிமன்றத்துக்கு உங்களோடு அழைத்தும் போகலாம்; வெளியே இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கட்டடம் பூதமாகத் தெரியும்.

எல்லாம் எழுதிய நீங்கள், லாரி வழக்கின் அடுத்த வாய்தா தேதியை மட்டும் எழுதவில்லை. மறந்ததா, தெரியாதா? இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் அடையாளமான 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் தேதி வந்துவிடும். மகளிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் எடுத்துத் தருவாள். முதலில் அதைப் பாருங்கள், பிறகு திருப்பூருக்குப் போன் செய்யுங்கள்.